கண்ணாடிக் கடலில் மறைந்துறை பகை

பகை இருவகைப்படும். எதிரே நின்று போரிடுவது ஒன்று. உடன் உறைந்து அழிப்பது மற்றொன்று. வெளிப்பகையினும் உட்பகை கொடியது என்பதை உணர்ந்தே வள்ளுவப் பெருந்தகை அதற்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அரசுக்கும் குடும்பத்துக்கும் பொருந்தும் இவ்வுண்மை, கண்ணாடிச் சுவர் நான்கினுள் அடங்கிய ஒரு சிறு கடலுக்கும் பொருந்துகின்றது. கடல்நீரும் பவழமும் மீனும் சேர்த்து மனிதன் அமைத்த தொட்டிகளின் வரலாற்றை நோக்கினால், அது பெரும்பாலும் மறைந்திருக்கும் பகையை இனங்காணக் கற்றுக்கொண்ட வரலாறாகவே இருப்பதைக் காண்போம். அவ்வரலாற்றையே இன்று நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

கடற்கரை ஊர்களை விட்டுத் தொலைநகரங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்குக் கடலை மீண்டும் காட்டுவது பல சமயம் ஒரு மீன் காட்சியகமே. சென்னை மெரீனாக் கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே அத்தகைய காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. மும்பைக் கடற்கரைச் சாலையில் தாராபோர்வாலா காட்சியகத்தை 1951-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் திறந்து வைத்தார். கண்ணாடிக்கு இப்பால் நின்று நாம் வியந்து நோக்கும் காட்சிக்கு அப்பால், காப்பாளர்கள் இரவும் பகலும் நடத்தும் ஒரு துப்பறிதல் உண்டு. அஃது எங்கே தொடங்கியது?

இங்கிலாந்து நாட்டில் தொடங்கியது. 1846-ஆம் ஆண்டில் ஆன் தைன் என்னும் அம்மையார் டார்க்கீ கடற்கரையில் கல்பவழங்கள் சிலவற்றைக் கண்டெடுத்து, ஒரு சாடியில் இட்டு இலண்டனுக்குக் கொண்டுவந்தார். நகரில் கடல்நீர் எளிதிற் கிடைப்பதில்லை. எனவே கொண்டுவந்த நீரையே கெடாமற் காக்க வேண்டியிருந்தது. திறந்த சாளரத்தின் அருகே நின்று, ஒரு கலத்திலிருந்து மறு கலத்துக்கு அந்நீரை அரைமணி நேரத்திற்கு மேலும் மாற்றி மாற்றி ஊற்றுமாறு பணிப்பெண்ணை ஏவினார். காற்றுக் கலந்த நீரிலே பவழங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. பின்னர்க் கடற்பாசிகளையும் அவர் சேர்த்தார். செடி தரும் உயிர்வளியை விலங்கு பெறுகின்றது. விலங்கின் கழிவைச் செடி பெறுகின்றது. கண்ணாடிக் கடலின் முதல் விதி இதுவே.

இவ்விதியை நன்னீரில் முறைப்பட ஆராய்ந்தவர் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலறிஞர். அவர் 1850-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. பொன்மீன்கள் இரண்டையும் நீர்ச்செடி ஒன்றையும் ஒரு தொட்டியில் இட்டார். தொடக்கத்தில் எல்லாம் நலமே. சில நாளில் செடியின் பழுத்த இலைகள் அழுகின, பாசி படர்ந்தது, நீர் கலங்கிற்று. அவர் செய்ததோ, குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டதுதான். தோட்டக்காரன் எவனும் நத்தையைப் பகையென்றே கொள்வான். அந்நத்தைகளோ அழுகலையும் பாசியையும் தின்று நீரைத் தெளிவித்தன. அவை இட்ட முட்டைகள் மீன்களுக்கு உணவாயின. பகை என்று பெயர் பெற்ற உயிரே இங்கே காவலாயிற்று. இந்தச் சிறு நத்தையை நேயர்கள் நினைவில் இருத்த வேண்டுகின்றோம். பின்னர் வரும் செய்திகளுக்கெல்லாம் இதுவே திறவுகோல்.

1853-ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் மீன்மனை ஒன்று திறக்கப்பட்டது. அதற்குத் துணைநின்ற இயற்கை நூலார் பிலிப் ஹென்றி காஸ் அடுத்த ஆண்டே அக்கலை குறித்து ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்து முழுவதும் கடல்தொட்டி வைக்கும் பித்துப் பரவிற்று. மக்கள் கூடைகளுடனும் உளிகளுடனும் கரையோரப் பாறைகளுக்குப் படையெடுத்தனர். அழகிய உயிர்களால் நிறைந்திருந்த பாறைக்குழிகள் வெறுமையாயின. அவ்வழிவை எண்ணிக் காஸ் வருந்தியதை அவர்தம் மைந்தர் எட்மண்ட் 1907-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்ட நூலில் காணலாம். வீட்டில் ஒரு கடலை ஆக்க விரும்பியவர்கள் கரையில் ஒரு கடலை அழித்தார்கள். வரலாறு இந்த முரணை மீண்டும் ஒருமுறை காட்டப்போகின்றது.

நம் நாட்டிலும் மறைந்துறை பகையைப் பற்றிய ஆராய்ச்சி நூறாண்டுக்கு முன்பே எழுந்தது. ஆனால் அது தொட்டியில் எழவில்லை, முத்துப் பார்களில் எழுந்தது. சென்னைக் காட்சியகம் தோன்றக் காரணமாயிருந்த எட்கார் தர்ஸ்டன், 1890-ஆம் ஆண்டிலேயே மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்புகளையும் கடல் உயிர்களையும் பற்றி எழுதியவர். 1902-ஆம் ஆண்டில் ஹெர்ட்மன் என்னும் பேராசிரியரும் ஜேம்ஸ் ஹார்னெல் என்பவரும் இலங்கைக் கரையின் முத்துப் பார்களை ஆராயத் தொடங்கினர். கோடிக்கணக்கில் பெருகிய சிப்பிகள் திடீரென மறைந்துபோவது ஏன் என்பதே வினா. திருக்கையும் கிளாத்தி மீனும் சிப்பியை உடைத்துத் தின்பதைக் கண்டனர். உடுமீன் அதனைப் பிளந்து உண்பதையும், துளைக்கும் கடற்பஞ்சு ஓட்டினுள்ளே குடைந்து வாழ்வதையும் கண்டனர். ஓட்டின் வெளிப்புறம் முழுமையாகத் தோன்றும். உள்ளே சல்லடைக் கண்கள். உட்பகைக்கு இதனினும் தக்க உருவம் வேண்டுமோ?

இனித் தொட்டிக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கடல்தொட்டிகளில் வைத்த பவழம் பெரும்பாலும் பவழத்தின் எலும்பே. வெளுத்துக் காயவைத்த அவ்வெள்ளைக் கிளைகள் வெறும் அலங்காரம். அவற்றில் பகை பதுங்குவதற்கு இடமில்லை. ஏனெனில் உயிருக்கே அங்கு இடமில்லை. இந்நிலையை மாற்றியவர் இந்தோனேசியாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர். பொறிகளும் வடிகட்டிகளும் இன்றி, கடலிலிருந்து எடுத்த பாறைத்துண்டுகள், நல்ல ஒளி, மெல்லிய காற்றுக் குமிழ்கள் இவற்றைக் கொண்டே பவழங்களையும் மீன்களையும் வாழவைத்த தம் முறையை 1961-ஆம் ஆண்டில் அமெரிக்க மீன்வளர்ப்புத் திங்களிதழ் ஒன்றில் எழுதினார். வாணிகத்தில் ‘லைவ் ராக்’ என்று வழங்கும் அதனை நாம் உயிர்ப்பாறை எனலாம். அதன் நுண்துளைகளில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மீனின் கழிவிலுள்ள நச்சினை மாற்றித் தூய்மை செய்கின்றன. பின்னர் ஜெர்மனியில் பெர்லின் அன்பர்கள் இம்முறையை வளர்த்தெடுத்தனர். வாஷிங்டன் நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வால்டர் ஆடி 1980-ஆம் ஆண்டில் ஒரு பவழத்திட்டையே சிற்றுருவில் அமைத்துக் காட்டினார்.

ஆனால் உயிர்ப்பாறை தனியே வருவதில்லை. அதன் புழைகளில் புழுவும் நண்டும் இறாலும் நத்தையும் கடற்பஞ்சும் குடியிருக்கும். விருந்தை அழைத்த வீட்டில் விருந்தோடு வந்தவர்களும் தங்கிவிடுவது போல, அவையும் தொட்டியில் தங்கின. சில திங்கள், சில ஆண்டுகள் கழிந்து, ஓர் இரவில் ஒரு மீன் காணாமற் போகும். மற்றோர் இரவில் ஒரு பவழக் கிளை துண்டாகிக் கிடக்கும். குற்றவாளி எங்கும் தென்படான்.

இங்கிலாந்தின் நியூகே நகரத்துக் காட்சியகத்தில் 2009-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். அங்கே பவழங்கள் வெட்டுண்டு கிடந்தன, மீன்கள் காயமுற்றன. காப்பாளர்கள் இரை வைத்த பொறிகளை இட்டனர், பொறிகள் சிதைந்தன. முடிவில் பாறைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்தபோது ஏறத்தாழ 4 அடி நீளமுள்ள புழு ஒன்று வெளிப்பட்டது. 1788-ஆம் ஆண்டிலேயே பல்லாஸ் என்னும் அறிஞர் விவரித்த இனம் அது. மணலிலோ பாறைப் புழையிலோ உடலை மறைத்து, கத்தரி போன்ற தாடைகளை மட்டும் வாயிலில் விரித்து வைத்துக் காத்திருக்கும். மீன் தொட்டதும் இமைப்பொழுதில் கவ்வி உள்ளே இழுக்கும். அதே 2009-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் அறிவித்த ஒரு புழு 299 சென்டிமீட்டர் நீளமும் 673 கணுக்களும் உடையதாய் இருந்தது. அது மறைந்திருந்த இடம் மீன்பிடி துறைமுகத்தில் மிதந்த ஒரு மிதவை. அத்துணைப் பேருருவும் அருகிலேயே கண்ணிற் படாமல் வளர இயலும் என்பதே இதில் நாம் அறியவேண்டுவது.

கண்ணுக்குத் தெரியாத பகைவன் சில சமயம் காதுக்குத் தெரிவான். நள்ளிரவில் தொட்டியிலிருந்து ‘சொடக்’ என ஒலி எழும். கும்பிடுபூச்சியைப் போல முன்கால்களை மடித்துவைத்திருக்கும் ஓர் உயிர், இறாலை ஒத்தது, இவ்வாறு ஒலிக்கும். கும்பிடுபூச்சி இறால் என அதனை அழைப்போம். அதன் அடியின் வேகத்தை 2004-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஷீலா பாடெக்கும் துணைவரும் அளந்தனர்; நொடிக்கு 14 முதல் 23 மீட்டர் வரை இருந்தது. நத்தையின் ஓடும் நண்டின் ஓடும் அவ்வடிக்கு நில்லா. இங்கிலாந்தின் கிரேட் யார்மத் நகரத்துக் காட்சியகம் ஒன்றில் 1998-ஆம் ஆண்டில் இவ்வினத்தைச் சேர்ந்த சிற்றுயிர் தொட்டியின் கண்ணாடியையே உடைத்ததாகச் செய்தி வெளிவந்தது.

எனினும் ஒலி கேட்டவுடன் தண்டனை விதித்தல் தகாது. சொடுக்கு இறால் என்னும் வேறோர் உயிரும் அதே ஒலியை எழுப்பும். தன் பெரிய இடுக்கியை விரைந்து மூடும்போது நீரில் தோன்றும் குமிழி வெடிப்பதே அவ்வொலிக்குக் காரணம் என்று டச்சு, ஜெர்மானிய அறிஞர்கள் 2000-ஆம் ஆண்டில் நிறுவினர். சொடுக்கு இறால்களுட் பல, சிறுமீன் ஒன்றுடன் ஒரே வளையில் நட்போடு வாழ்வன. இறால் வளையைத் தோண்டும்; மீன் வாயிலில் நின்று காவல் புரியும். ஒலி ஒன்றே; ஒலிப்பவர் இருவர்; ஒருவன் கொலைஞன், ஒருவன் குடியானவன். தீர விசாரிப்பதே மெய் என்னும் நம் பழமொழி தொட்டிக்கும் உரியதன்றோ!

சுணைப்புழுவின் கதையும் இத்தகையதே. உடலின் இருமருங்கும் நுண்ணிய மயிர்களை உடைய இப்புழு இறந்த மீனின் மேல் மொய்த்திருப்பதைக் கண்டவர், மீனைக் கொன்றது இதுவே என்று முடிவு கட்டினர். உண்மையில் தொட்டிகளில் காணும் சுணைப்புழுக்களிற் பெரும்பாலானவை இறந்ததை உண்பனவே, கொல்வன அல்ல. அவற்றை ஒழித்த தொட்டியில் எஞ்சிய உணவு பாறை இடுக்குகளில் அழுகி நீரைக் கெடுக்கும். பிணத்தருகே நின்றவனைக் கொலைஞன் என்று தூக்கிலிட்டது போன்றது இத்தீர்ப்பு. கையால் தொட்டால் சுணை ஏறி எரியும் என்பது மட்டும் மெய்.

நண்டுகளும் இவ்வாறே பழி சுமந்தன. மயிரடர்ந்த உடலும் கரிய இடுக்கி முனையும் உடைய சில நண்டுகள் பவழத்தையும் சிற்றுயிர்களையும் தின்னும் என்பது உண்மையே. அதனால் பவழத்தில் வந்த நண்டு எதுவாயினும் பிடுங்கி எறிதல் பலர் வழக்கமாயிற்று. ஆனால் பவழக் கிளைகளிடையே மட்டுமே வாழும் வழுவழுப்பான சிறு நண்டினம் ஒன்று உண்டு. பசிபிக் கடலின் கீழ்க்கரையில் ஆராய்ந்த பீட்டர் கிளின் 1970-களில் வெளியிட்டவை வியப்புக்குரியவை. பவழத்தைத் தின்ன முள்முடி உடுமீன் ஏறும்போது, விரல் நுனியளவேயுள்ள இந்நண்டு அதன் கால்களைக் கிள்ளித் துரத்துகின்றது. தன் வீட்டைக் காக்கும் காவலனையே பகைவனென்று நாம் வெளியேற்றியிருந்தோம்.

இதற்கு மறுதலையாக, பகையென்றே எவரும் ஐயுறாத உயிர்களும் உள. கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் சிறு கடற்சாமந்தி ஒன்று மலர்போல் விரிந்து அழகு காட்டும். பார்த்தவர் மகிழ்ந்து வளரவிடுவர். ஐப்டேசியா எனப்படும் அதன் கொட்டும் இழைகள் அருகிலுள்ள பவழங்களைச் சுட்டுக் கருக்கும். பகையென்று உணர்ந்தபின் கத்தியால் சுரண்டினாலோ, ஒட்டியிருக்கும் அடியின் ஒவ்வொரு துணுக்கும் புதிய உயிராய் முளைக்கும். ஒன்றை வெட்டியவன் பத்தைக் காண்பான். அதனை மட்டுமே உண்டு வாழும் பெர்கியா என்னும் ஓடில்லாக் கடல் நத்தையைத் துணைக்கு அழைத்தவரே வென்றனர். வாரிங்டனின் நத்தை வேறுருவில் மீண்டும் வந்தது எனலாம்.

மறைவிற் சிறந்தது ஒரு தட்டைப்புழு. கிளைப்பவழத்தின் மேல் படிந்து அதனையே தின்னும் இப்புழு, தான் தின்ற பவழத்தின் நிறப்பொருளையே உடலில் ஏந்துவதால் பவழத்தினின்றும் பிரித்தறிய இயலாது. அது விட்டுச்செல்லும் வெளிறிய வட்டத் தழும்புகளும், பவழத்தின் இறந்த அடிப்பகுதியில் ஒட்டிய பழுப்புநிற முட்டைத் தொகுதிகளுமே தடயம். தொட்டி வளர்ப்போரே இதனை முதலில் அறிந்து அஞ்சினர். அறிவியல் அதற்குப் பெயரிட்டு விவரித்தது 2011-ஆம் ஆண்டில்தான். கடலில், ஆஸ்திரேலியப் பெரும் பவழத்திட்டில், அதனைக் கண்ட செய்தி 2012-இல் வெளிவந்தது. கடலை அறியத் தொட்டியை அமைத்தோம். தொட்டியில் அறிந்ததைக் கடலில் தேடிக் கண்டோம்.

இவ்வளவு காலமும் பட்டறிவால் திரண்ட முறையைச் சுருங்கக் கூறின் அது துப்பறிவோன் முறையே. முதலாவது, குற்றம் நிகழ்ந்ததா என்று உறுதி செய்தல். பவழம் வெளுப்பது பகையால் மட்டுமன்று. வெப்பம் மிகுந்தாலும் நீர் கெட்டாலும் அது வெளுக்கும். இரண்டாவது, காயத்தின் வடிவை நோக்குதல். அடியிலிருந்து மேல்நோக்கி வெள்ளெலும்பு தோன்றினால் நத்தையை ஐயுறலாம். வட்டத் தழும்பாயின் தட்டைப்புழுவை. கிளையே துண்டுபட்டிருப்பின் பெரும்புழுவை. மூன்றாவது, இரவில் நோக்குதல். கைவிளக்கின் முகத்தில் செந்நிறத் தாளைக் கட்டிப் பார்த்தால், செவ்வொளியை நன்கு உணராத நண்டும் இறாலும் அஞ்சாமல் வெளிவரும். நான்காவது, பிடித்ததைக் கொல்லுமுன் இன்னதென்று அறிதல். யாவற்றினும் மேலானது, புதிதாய் வந்த பவழத்தையும் பாறையையும் தனித்தொட்டியில் சில வாரங்கள் ஒதுக்கிவைத்துப் பார்த்தல். மருந்துநீரில் தோய்த்தால் புழு உதிரும், முட்டை உதிராது. முட்டை பொரியும் வரை காத்திருக்கும் பொறுமையே மருந்தினும் பெரிது.

இதுகாறும் கடலிலிருந்து தொட்டிக்கு வந்த பகையைக் கண்டோம். தொட்டியிலிருந்து கடலுக்குச் சென்ற பகையையும் கூறினாலன்றி இவ்வரலாறு நிறைவுறாது. ஐரோப்பியக் காட்சியகங்களில் அழகிற்காக வளர்க்கப்பட்ட பச்சைப் பாசி ஒன்று உண்டு. கௌலர்ப்பா அதன் பெயர். 1984-ஆம் ஆண்டில் மொனாக்கோ நாட்டின் கடலியல் அருங்காட்சியகத்துக்கு நேர்கீழே, மத்தியதரைக் கடலில் அது ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் அளவில் காணப்பட்டது. 1989-இல் அது ஒரு ஹெக்டேரைக் கடந்தது. நீஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாந்தர் மெய்னேஸ் எச்சரித்தார். அது தொட்டியிலிருந்து வந்ததா, வேறு வழியில் வந்ததா என்று அறிஞரும் அதிகாரிகளும் வாதிட்டுக்கொண்டிருக்க, பாசி பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின், குரோஷியா ஆகிய நாடுகளின் கரைகளை அடைந்தது. காட்சியகப் பாசியும் கடற்பாசியும் ஒன்றே என்பதை மரபணு ஆய்வு 1998-இல் காட்டியபோது காலம் கடந்துவிட்டது.

அதே பாசி 2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியக் காயல் ஒன்றில் தலைகாட்டிற்று. அங்கே வாதிடக் காத்திருக்கவில்லை. இனங்கண்டவுடன் விரிப்புகளால் மூடிக் குளோரின் செலுத்தி அழிக்கத் தொடங்கினர். 2006-ஆம் ஆண்டில் அது முற்றும் ஒழிந்ததாக அறிவித்தனர். செலவு 70 இலட்சம் டாலருக்கு மேல். ஒரே பாசி, இரு கடல்கள். ஓரிடத்தில் அடையாளம் காண்பதிலேயே ஆண்டுகள் கழிந்தன, மற்றோரிடத்தில் நாட்களே கழிந்தன. இனங்காணலின் விலை என்னவென்று அறிய இதனினும் சான்று வேண்டா.

ஆகவே தொட்டி வைத்திருப்போர் இரு கடமைகளை உணர்தல் வேண்டும். கடலினின்றும் எடுப்பதில் அளவறிதல் ஒன்று. நம் நாட்டில் திட்டு அமைக்கும் பவழங்கள் 2001-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலோ அந்தமானிலோ பவழத்தைப் பெயர்த்தெடுத்தல் குற்றமாகும். காஸ் காலத்துப் பாறைக்குழிகளுக்கு நேர்ந்தது நம் பார்களுக்கு நேராதிருக்க இட்ட வேலி அது. வேண்டாத உயிரையும் பாசியையும் தொட்டி நீரையும் கடலிலோ ஆற்றிலோ ஏரியிலோ கொட்டாதிருத்தல் மற்றொன்று. நம் தொட்டியில் ஒரு பிடியளவே இருந்தது, அங்கே தன்னை உண்பார் எவருமின்றி ஒரு கடற்கரையையே மூடிவிடலாம்.

பகை என்பது ஓர் உயிரின் பிறவிப் பெயரன்று. அது நிற்கும் இடத்தால் வரும் பெயர். பாறைப் புழையிலுள்ள பெரும்புழு தன் கடலில் பகையன்று, ஓர் உறுப்பே. நத்தை தோட்டத்தில் பகை, தொட்டியில் துணை. பாசி தன் நாட்டில் உணவு, அயலில் அழிவு. எவ்வுயிர் எவ்விடத்தது என்று அறிந்து, அதனை அவ்விடத்தே வாழவிடும் அறிவே, ஒரு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்ணாடிக் கடல் நமக்குக் கற்பித்துவரும் பாடம் ஆகும்.